மகளுக்கு நான் தேடிய ஆலோசகர்

திண்டிவனத்தில் முப்பது ஆண்டுகள் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்தவன் நான். படித்தவன் என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிரோடுதான் என் மகளுக்கு மனநல ஆலோசகர் தேடினேன்.

சென்னை வேலையை விட்டுவிட்டு வந்த மகள் நான்கு மாதமாக அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாடு பாதி, தூக்கம் அதில் பாதி.

"என்னால முடியலப்பா. யாராவது டாக்டர்கிட்ட இட்டுக்கினு போங்க" என்று அவளே கேட்டாள்.

விழுப்புரம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வரிசையில் தெரிந்த முகம் ஏதாவது நின்றுகொண்டிருந்தால்? அவள் படும் பாட்டைவிட என் மானம் எனக்குப் பெரிதாகப் பட்டது.

கைப்பேசியில் தேடினேன். திண்டிவனத்தில் ஒருவர் முதலில் ஜாதகம் கேட்டார். இன்னொருவர், தன்னிடம் மூன்று நாள் பயிற்சி எடுத்தால் நானே ஆலோசகர் ஆகிவிடலாம் என்றார். மூன்றாவது ஆள் விழுப்புரத்தில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருந்தான். பெயர்ப்பலகையில் பெயரைவிடப் பட்டங்கள் நீளம். அதன் கீழே நினைவாற்றல் பயிற்சி, திருமணப் பொருத்தம், குடியை மறக்க வழி. உள்ளே நுழைந்ததும் எழுந்து ஓடிவந்து என் காலைத் தொட்டான். என்னுடைய பழைய மாணவன்.

"ஐயா, நீங்களா! நம்ம பாப்பாவுக்கா? இனிமே என் பொறுப்புங்க ஐயா."

என்ன படித்தான், எங்கே பதிவு செய்திருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்குக் காவலாளியாக வந்தவரிடம்கூட அசல் சான்றிதழ் கேட்டவன், காலைத் தொட்டவனிடம் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் கூட்டிப்போனேன். மகள் பேச ஆரம்பித்தாள். இரண்டாம் வாரம் சோறு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள். அது அவன் கெட்டிக்காரத்தனம் இல்லை. காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டதாக அவள் நம்பியதால் வந்த தெம்பு.

மூன்றாம் வாரம், அவள் முதலில் படியிறங்கிப் போனதும், வகுப்பாசிரியரைக் கூப்பிட்டு விசாரிப்பதுபோல் அவனிடம் கேட்டேன்: "என்னடா சொல்றா?"

முறையாகப் படித்த ஆலோசகர் என்னை வாசலுக்கு அனுப்பியிருப்பார். இவன் நோட்டைத் திறந்தான்.

"ஐயா கேட்டு நான் சொல்லாம இருப்பேனா? எல்லாம் உங்க மேல இருக்கிற பயம்தாங்க. ஏழாவது உங்ககிட்டயே படிக்கிறப்போ மார்க்கு கம்மின்னு கிளாசுக்கு வெளிய நிக்க வெச்சீங்களாம். ஆபீசுல மேனேஜர் கத்துனா இன்னும் உங்க குரலாட்டமே கேக்குதாம். இதெல்லாம் ஒரு விஷயமா ஐயா? நீங்க குடுத்த அடியாலதான் நான் இன்னிக்கி இந்த சீட்டுல குந்திக்கினு இருக்கேன்!"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை தோசை சாப்பிட உட்கார்ந்தோம். என் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"ஒரே ஒரு நாள்தான உன்ன வெளிய நிக்க வெச்சேன்?"

பிட்ட தோசை அவள் கையிலேயே நின்றது.

"இத நான் அவன்கிட்ட மட்டுந்தான சொன்னேன்."

"உன் நல்லதுக்குத்தாம்மா கேட்டேன்..."

"அவனும் ஒப்பிச்சானா? நல்ல வாத்தியாரு, நல்ல பையன். ரெண்டு பேருமா சேந்து எனக்கு மார்க்கு போட்டுக்கினு இருந்தீங்களா?"

அறைக் கதவு மூடிக்கொண்டது. அடுத்த ஆறு வாரம் அவள் என்னிடமும் என் மனைவியிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரியுமளவுக்கு மெலிந்துபோனாள். அவனைத் திட்டி என்ன பயன்? அவனுக்கு அந்தப் பாடம் எடுத்தவனே நான்தான்.

பிறகு ஒரு திங்கட்கிழமை அவளே பஸ் ஏறி விழுப்புரம் போனாள். நான் பயந்து ஒதுங்கிய அதே வரிசையில் நின்று சீட்டு வாங்கியிருக்கிறாள். முறையாகப் படித்துப் பதிவு பெற்ற ஓர் அம்மாவிடம் பேசுகிறாள் என்பதை மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வாராவாரம் போகிறாள். துணைக்கு வரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாங்க, போதும்" என்றாள்.

வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன். மதியம் திரும்பி வந்து, முகம் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருகிறாள். இப்போது தட்டில் மிச்சம் வைப்பதில்லை. அந்த அறையில் என்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. கேட்பதில்லை. ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதைத் தெரிந்துகொள்ள மனம் அரிக்கிறது. இத்தனைக்குப் பிறகும் நான் அப்படிப்பட்ட ஆள்தான்.