பத்து நிமிஷக்காரர்

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் அவருடைய பிழைப்பு. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறார். அடுக்குமாடிக் காவலாளிகள் யாருக்கும் அவருடைய பெயர் தெரியாது. "பத்து நிமிஷக்காரருக்குப் போன் போடு" என்பார்கள், போதும். உள்ளே மாட்டியவர் அழுதாலும் சரி, கதவை உதைத்தாலும் சரி, எனக்கு மேலிடத்தில் ஆள் உண்டு என்று மிரட்டினாலும் சரி, கதவிடுக்கில் வாயை வைத்து இவர் சொல்வது ஒன்றேதான்: "பயப்படாதீங்க, பத்து நிமிஷத்துல வெளிய வந்துடலாம்." மேலே மோட்டார் கருகிப் புகைந்துகொண்டிருந்தாலும் அதே பத்து நிமிஷம்தான்.

இதைப் பொய் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பல் டாக்டரிடம், "ஒரு மணி நேரம் ஆகும் சார்" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தார். அந்த மனிதர் பயந்துபோய்க் கதவை நெம்பித் திறந்து, இரண்டு மாடிக்கு நடுவிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்கு இரண்டு விதிகள். உள்ளே இருப்பவரிடம் உண்மையான நேரத்தைச் சொல்லக் கூடாது. நின்றுபோன பெட்டியை விட்டு யாரையும் இறங்க விடக் கூடாது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேரை முழுசாக வெளியே கொண்டுவந்திருக்கிறார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று சொல்வதற்கில்லை.

வினை என்னவென்றால், முதல் விதி அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. "எப்பப்பா வருவே?" என்று மகள் போனில் கேட்டால், "பத்து நிமிஷத்துல கண்ணு." பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டிக்கும் பத்து நிமிஷத்தில்தான் கிளம்பினார். போய்ச் சேர்ந்தபோது அங்கே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மனைவி தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வாள், "உங்கப்பா கடிகாரத்துல முள்ளே கிடையாதுடி." மகளுக்கு ஒன்பது வயது. அந்தப் பேச்சுக்குச் சிரிப்பதை அவள் எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு நாள், ஒரே ஒரு நாள், சொன்ன சொல் மாறாமல் அப்பா கூடவே இருக்க வேண்டும். வகுப்பில் எல்லோரும் போய்வந்த அந்த உள்ளரங்கப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போக வேண்டும். கூட வேலை பார்ப்பவரிடம் கெஞ்சிக் கூத்தாடி டியூட்டியை மாற்றிக்கொண்டார். வாசலில் வைத்தே மகள் கையை நீட்டி அவருடைய போனை வாங்கினாள். அதன் சத்தத்தை நிறுத்தி, அம்மாவின் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

பூங்கா ஒரு பெரிய கடைவளாகத்தின் ஆறாவது மாடியில் இருந்தது. ஜன்னல் என்று மருந்துக்குக்கூட ஒன்று இல்லை. கூரையில் நீல வானம் வரைந்து, அதில் ஏசி தண்ணீர் ஒழுகிப் பழுப்பாகத் திட்டுப் பிடித்திருந்தது. படகுச் சவாரியில் படகு இருந்தது, தண்ணீர் இல்லை. ராட்சதச் சக்கரத்தின் முன்னால் 'பராமரிப்பில் உள்ளது' என்று பலகை. குட்டி ரயில் முன்னால் அதே பலகை. குழந்தைகளுக்குக் கை கொடுக்க வேண்டிய கரடி தன் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தது. கழிப்பறையில் ஒன்று பூட்டியிருந்தது, இன்னொன்றில் வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது. எந்த அம்புக்குறியைப் பிடித்துப் போனாலும் பொம்மைக் கடைக்குள் கொண்டுபோய் விட்டது. கடையைச் சுற்றி வந்தால் மறுபடியும் அதே படகு. இதற்கெல்லாம் மேலே, ஒரே பாட்டு திரும்பத் திரும்பக் காதைத் துளைத்துக்கொண்டிருந்தது.

"நம்ம மொட்டை மாடியிலயாவது காத்து வரும்," என்றாள் மனைவி.

"நல்லாத்தாம்மா இருக்கு," என்றாள் மகள். நன்றாக இல்லை என்று ஒப்புக்கொண்டால் கிளம்பிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம்.

ஓடிக்கொண்டிருந்தது 'மேகப் பயணம்' ஒன்றுதான். முட்டை மாதிரி ஒரு கூண்டு, அதில் இரண்டு பேர். மேலே தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டே பஞ்சு மேகங்களுக்கு நடுவே சுற்றி வர வேண்டும். கழுத்து வலிக்காரியான மனைவி பையோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவும் மகளும் ஏறினார்கள், மடிக்கு மேலே கம்பி இறங்கிப் பூட்டிக்கொண்டது. முதல் திருப்பத்தில் மகள் அவர் கையைப் பிடித்தாள். அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இதற்காகவே இன்னும் பத்துப் பூங்காக்களுக்கு வரலாம் என்று தோன்றியது.

இரண்டாவது திருப்பத்தில் கூண்டு நின்றது.

எதிரே ஒரு பிளாஸ்டிக் நிலா. அதற்கு ஒரு கண் மூடி மூடித் திறந்தது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பிரேக் 'டக்'கென்று விழுந்த சத்தம், அதன் பின்னால் மோட்டார் ஒரு முறை முனகி அடங்கிய சத்தம், லேசாகக் கருகல் வாசனை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம் குறையாது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"எவ்வளவு நேரம்பா ஆகும்?"

"பத்து நிமிஷம் கண்ணு," என்றது அவருடைய வாய். யோசித்துச் சொன்னதில்லை, தானாக வந்தது.

சற்று நேரத்தில் சீருடை போட்ட ஒரு பெண் கீழே ஏணியோடு வந்தாள். "சார், கம்பியைச் சாவி போட்டுத் திறந்துடறேன், ஒவ்வொருத்தரா இறங்கிடுங்க. ஏணி ஒண்ணுதான் இருக்கு. அந்தப் பக்கம் நாலு கூண்டு மாட்டியிருக்கு. அங்க போயிட்டா திரும்பி வர லேட்டாகும்."

வேறு யாராக இருந்தாலும் அப்பாடா என்று இறங்கியிருப்பார்கள். இவர்தான் தொழில்காரராயிற்றே. ஏணியின் காலைப் பார்த்தார். ரப்பர் இல்லை. "புடிச்சுக்க இன்னொரு ஆள் இருக்காங்களா?"

"நான் இருக்கேனே சார்."

"நின்ன பெட்டியை விட்டு இறங்கக் கூடாதும்மா. எனக்கு இதான் தொழில். நாங்க உள்ளேயே இருக்கோம், நீங்க அவங்களைப் போய்ப் பாருங்க."

அந்தப் பெண் மகளைப் பார்த்தாள். மகள் அப்பாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஏணி போய்விட்டது. நல்ல முடிவு எடுத்த திருப்தியோடு அவர் சாய்ந்து உட்கார்ந்தார்.

மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கால் மேல் கால் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். பிறகு அவர் காதருகே வந்து சொன்னாள், "அப்பா, பத்து நிமிஷம் ஆயிடுச்சு. எனக்கு ஒண்ணுக்கு வருது."

"எப்பலேர்ந்து?"

"ஏறினதுலேர்ந்து."

"அந்த அக்கா ஏணியோட வந்தாங்களே, அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"பத்து நிமிஷம்னு நீதானே சொன்னே. அவ்வளவுதானேன்னு அடக்கிக்கிட்டேன்."

அவருக்குச் சுருக்கென்றது. கம்பியை அழுத்திப் பார்த்தார். அது அசையவில்லை. எத்தனையோ பூட்டுகளைத் திறந்த கை, ஒரு திருப்புளிகூட இல்லாமல் வெறுங்கையாக இருந்தது. "யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினார். அவர் குரல் பாட்டுக்குள் முங்கிப்போயிற்று. இன்னும் பலமாகக் கத்தினார். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வருடமாகக் கேட்ட அதே கத்தல் இப்போது தன் தொண்டையிலிருந்து வருவது அவருக்கே கேட்டது.

எங்கேயோ ஒரு ஒலிபெருக்கி கரகரத்தது. "யாரும் பயப்பட வேண்டாம். இன்னும் பத்து நிமிஷத்துல சரியாயிடும்."

அந்தக் குரலின் சொந்தக்காரன் கையில் கிடைத்தால் அறைந்திருப்பார். அவ்வளவு ஆத்திரம் வந்தது.

"அப்பா, உண்மையைச் சொல்லு. எவ்வளவு நேரம் ஆகும்?"

அவர் நிலாவைப் பார்த்தார். அது கண்ணை மூடித் திறந்தது. "ஒரு மணி நேரம் ஆகும் கண்ணு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நின்னவுடனேயே."

அவள் அவர் கையிலிருந்து தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இன்னும் ஏழெட்டு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தோள் குலுங்கியது. சத்தமே இல்லாமல் அழுதாள். இருக்கையிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கீழே பஞ்சு மேகத்தில் விழுந்தது.

ஏறும்போது பக்கத்தில் செருகி வைத்த தண்ணீர் பாட்டிலை அவர் எடுத்தார், மூடியைத் திருகினார். பாதியைத் தன் பேன்ட்டில் ஊற்றிக்கொண்டு மீதியை அவள் மடியிலும் இருக்கையிலும் கொட்டினார். தண்ணீர் சில்லென்றிருந்தது. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"பாட்டில் கவுந்துடுச்சு. அப்பாதான் கொட்டிட்டேன். யார் கேட்டாலும் அதையே சொல்லு."

அவள் ஈரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அதுவும் பொய்தானே."

"ஆமா, பொய்தான்," என்றார்.

கூண்டு நின்று எழுபது நிமிஷம் கழித்து அதே ஏணியில் இறங்கினார்கள். அந்தப் பெண்தான் பிடித்துக்கொண்டாள், ஏணி இம்மியும் ஆடவில்லை. மனைவி இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். பாட்டில் கவிழ்ந்த கதையை அவர் ஆரம்பித்தார், அவள் கேட்கவேயில்லை. தன் துப்பட்டாவை எடுத்து மகளின் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டாள். பிறகு கைப்பையைத் திறந்து போனை நீட்டினாள். பதினோரு அழைப்புகள். அது அவர் கைக்கு வந்ததுமே பன்னிரண்டாவது வந்தது. டியூட்டியை மாற்றிக்கொண்டவர் மாடிப்படியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டாராம். ஒரு குடியிருப்பின் லிஃப்டில் ஐந்து பேர் மாட்டியிருக்கிறார்கள், ஒருவர் வயதானவர், வேறு ஆளே இல்லை.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மகளைப் பார்த்தார். போகிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போகாமல் இருக்கவும் முடியாது.

"போ," என்றாள் அவளே. "அவங்களுக்கும் ஒண்ணுக்கு வந்தா என்ன பண்ணுவாங்க?" கொஞ்சம் தள்ளிப் போய் நின்று கேட்டாள், "எப்ப வருவே?"

பத்து என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவர் அதை விழுங்கினார். "இதை முடிச்சிட்டு அவர் டியூட்டியையும் நான்தான் பார்க்கணும். நீ தூங்கி ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வருவேன்."

அவள் யோசித்தாள். துப்பட்டாவின் முடிச்சை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"அப்ப சரி," என்றாள். "இன்னிக்கு முழிச்சிட்டு இருக்க மாட்டேன்."