அழகுக்காகக் கேட்கவில்லை

தெருவில் அவள் எல்லோருக்கும் ‘பார்லர் அக்கா’. மணப்பெண்ணின் கண்ணுக்கடியில் உள்ள கருவளையத்தை இருந்த இடம் தெரியாமல் மறைத்துவிடுவாள். தன் வலியை மறைப்பதிலும் கெட்டிக்காரி. அதுவே அவளுக்கு வினையாக வந்தது.

வயதுக்கு வந்த நாள் முதல் அவளுடைய மார்புக் காம்புகள் உள்ளிழுத்தே இருந்தன. அதை அவள் குறையாக நினைத்ததே இல்லை. ஆனால் சில காலமாக அதனாலேயே இடப்பக்கம் அடிக்கடி சீழ் கட்டியது. உடம்பு அனலாய்க் கொதிக்க, ஒத்தடம் கொடுத்துக்கொண்டே பார்லரைத் திறந்தாள்.

அரசு மருத்துவமனையில் காம்பை வெளியே எடுத்துச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைக்கு மருத்துவர் குழு சம்மதிக்க வேண்டும். குழு கூடிய அன்றும் காய்ச்சல். பழக்கதோஷம், பாருங்கள்! முகத்துக்குப் பூச்சு, உதட்டுக்குச் சாயம், சீழ் வாடை தெரியாமலிருக்க சென்ட் என்று மினுக்கிக்கொண்டு போய் நின்றாள்.

பெரிய டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “இது அழகுக்குப் பண்ற ஆபரேஷன்மா. விதிப்படி இங்க செய்ய முடியாது.”

“துணிக்குள்ள இருக்கறதை ஊருக்கா காட்டப்போறேன் சார்?”

“பார்லர் வச்சிருக்கீங்க. அழகைப் பத்தி உங்களுக்கு நாங்க சொல்லணுமா?”

சுருக்கென்றது. கண்ணீர் முட்டியது, விழ விடவில்லை. கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்து, அவர்கள் முன்னாலேயே முகத்தை அழுந்தத் துடைத்தாள். வெளிறிய கன்னமும் வெடித்த உதடும் வெளியே வந்தன.

“இப்ப பாருங்க. அழகுக்கு வந்த மூஞ்சியா இது?”

பெண் டாக்டர் பதறி எழுந்து அவள் நெற்றியைத் தொட்டார். “இப்படிக் கொதிக்குதே! ஏன்மா சொல்லல?”

“நீங்க கேட்டீங்களா டாக்டரம்மா?”

திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பரிசோதித்துவிட்டு வந்த பெண் டாக்டர், “கட்டியா இருக்கு சார். திரும்பத் திரும்ப வருதாம். இது நோய். விதியில இதுக்கு இடம் இருக்கு” என்றார்.

பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார். “முதல்ல சீழை எடுப்போம். ஆறினதும் ஆபரேஷன். ஆனா பால் வர்ற குழாய் அறுபடலாம். நாளைக்குக் குழந்தை பிறந்தா…”

“குழந்தைக்குத் தாய் வேணும் சார், முதல்ல. பண்ணுங்க.”

வெளியே காத்திருந்த நாத்தனார் ஓடிவந்தாள். “என்ன அண்ணி சொன்னாங்க? காதுல சொல்லுங்க, எல்லாரும் பாக்கறாங்க.”

“மார்க்காம்புல ஆபரேஷன் பண்ண ஒத்துக்கிட்டாங்க!” வரிசையே திரும்பிப் பார்த்தது.

“ஐயோ, மெதுவா அண்ணி!”

“இத்தனை நாள் மெதுவாப் பேசித்தான் புரையோடிப் போச்சு. நட, சீழ் எடுக்கற ரூம் எங்கன்னு கேப்போம்.”

அதையும் அவளே உரக்கக் கேட்டாள்.