ஊசியடியில் ஒரு பை

டிசைனர் வேலை என்பது, இரண்டு பக்கமும் பேசுவது புரியாமல் இரண்டு பக்கமும் தலையாட்டும் வேலை. உங்களில் யாராவது இதில் மாட்டியிருந்தால் என் பாடு தெரியும். நான் படித்தது துணி டிசைன், பிழைப்பது ஆப் டிசைனில். மும்பையில் வீடு மாட்டுங்கா, ஆபீஸ் செம்பூர். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறைகளுக்கு, ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் ஆப் ஒன்றைச் செய்யச் சொன்னார்கள். மாதக் கடைசிக்குள் ஒரு ஆர்டராவது அதில் ‘முடிந்தது’ என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆப்பும் இல்லை, நானும் இல்லை.

காலி இடம்

முயன்று பார்க்க ஒப்புக்கொண்டவர் காதர் பாய். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நான்கு மெஷின் வைத்திருக்கிறார். கல்லூரியில் கற்றபடி, திரையில் கண்ணுக்கு இதமாக நிறைய வெள்ளை இடம் விட்டிருந்தேன். போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“ஏம்மா, இவ்வளவு ஜாகாவச் சும்மா போட்டு வச்சிருக்கியே, இங்கன ஒரு மெஷினு போடலாமே.”

அடைத்த இடம்

சரி என்று எல்லாவற்றையும் நெருக்கி அடைத்து, ஆப்புக்குக் கோட் எழுதும் ஸ்வப்னிலிடம் காட்டினேன். புனேக்காரன். இந்தியில் கேட்டான்:

“இது ஆப்பா, தாராவியா?”

தீராத ஆர்டர்

யார் சொல்வது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எப்படியோ ஆப் ஓடியது. ஆர்டர்தான் முடியவில்லை. வெட்டிய பையும் தைத்து முடித்த பையும் எண்ணிக்கையில் ஒன்றானால் ஆர்டர் தானாக முடியும் என்று நான்தான் விதி போட்டிருந்தேன். காதர் பாயோ ஐம்பது பை ஆர்டருக்கு ஐம்பத்தொன்று வெட்டி, ஐம்பதை முடித்திருந்தார். ஐம்பதும் வாங்கியவரிடம் போய்ச் சேர்ந்தாயிற்று. ஆப்பில் மட்டும் வேலை நடந்துகொண்டே இருந்தது. ஸ்வப்னில் இரண்டு வாரம் கோட் முழுவதையும் குடைந்தான். மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது கையை விரித்தான்.

“கோட் சரி. உன் ஆட்களுக்குத்தான் எண்ணத் தெரியவில்லை.”

வெறும் ஊசி

நானும் தமிழ், காதர் பாயும் தமிழ் என்பதால் வந்த அந்த ‘உன் ஆட்கள்’ உறுத்தியது. மாட்டுங்காவிலிருந்து தாராவி நடக்கிற தூரம்தான். இந்த வேலை வரும்வரை நான் ஒரு நாளும் நடந்ததில்லை.

பட்டறையில் மெஷின்கள் சும்மா நின்றன. ஒன்றில் மட்டும் ஊசி இறங்கியபடி, பாதி தைத்த பை. எனக்கு வெட்கமாகிவிட்டது. எங்கள் வீட்டு அரிசி டப்பாவை அம்மா ஒரு நாளும் காலியாக்கியதில்லை. கடைசிப் பிடி அடியில் இருக்க, மேலே புது அரிசியைக் கொட்டுவாள். அந்தச் சோற்றைத் தின்றுவிட்டுத்தான் மீதமே இருக்கக் கூடாது என்று விதி எழுதியிருக்கிறேன். இருந்தாலும் ஏன் முடிக்கவில்லை என்று காதர் பாயிடம் கேட்டேன்.

“வெறும் ஊசியா விட்டா அடுத்த ஆர்டர் எப்படிம்மா வரும்? வந்த அன்னைக்கு இத முடிச்சிட்டு, அதுல ஒண்ண மிச்சம் வைப்போம்.”

பச்சை

இதை ஸ்வப்னிலுக்கு எந்தப் பாஷையில் சொல்வது? அது அவர்கள் நம்பிக்கை என்று மட்டும் சொல்லி, ‘ஊசியடியில் ஒரு பை இருக்கலாம்’ என்று புது விதி எழுதிக் கொடுத்தேன். முணுமுணுத்தபடியே மாற்றினான். ஆர்டர் ‘முடிந்தது’ என்று பச்சையானது, என் வேலையும் தப்பியது. அவன் குழப்பம் மட்டும் தீரவில்லை.

“நம்பிக்கைக்கு என்ன டேட்டா டைப் போடுவது, எண்ணா, எழுத்தா?”

அது எனக்கும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து ஒரு திரையைப் பாதி வரைந்தபடியே விட்டுவிட்டுத்தான் நானும் வீட்டுக்குக் கிளம்புகிறேன், ஸ்வப்னில் அதைக் கோளாறு என்று இரண்டு முறை பதிந்துவிட்டான்.