தனித் தட்டு

என் லாத்தா மெஹர் பானுவைக் கட்டிக்கொடுத்த வீட்டை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. அவள் எனக்கு அக்கா, வாய் செத்தவள். காரைக்காலில் பேர் சொன்னால் தெரிகிற குடும்பம், ஒரு காலத்தில் கப்பல் வைத்திருந்தார்களாம். இப்போது மிச்சமிருப்பது அந்தப் பீற்றல் மட்டும்தான்.

அந்த வீட்டில் விருந்து நாள் என்றில்லை, தினமும் சஹன்தான். ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது. எங்கள் மக்கள் எல்லோரும் செய்வதுதான், நல்ல வழக்கம்தான். ஆனால் அவள் மாமியாரும் நாத்தனார்களும் உட்கார்ந்தால் அது பந்தயம். புதுப்பெண் கூச்சப்பட்டு மெதுவாக அள்ளினால் அவளுக்கு மிஞ்சுவது எலும்பும் ஏலக்காயும். லாத்தாவும் மெல்லாமல் விழுங்கப் பழகிக்கொண்டாள். உடம்பு பெருத்தது, சர்க்கரை வந்தது, முட்டி தேய்ந்தது. அப்படி ஆக்கிவிட்டவர்களே அவளைக் குண்டு மருமகள் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

இந்த வருடம் தஞ்சாவூரில் இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள். அவளைக் கட்டிய மாப்பிள்ளை மன்சூர் அலி குவைத்திலிருந்து சரி என்றார். மாமியார் சரி என்று சொல்லவே இல்லை. கஞ்சியும் சூப்பும் குடித்த நாட்கள் நன்றாகத்தான் போயின. குழைந்த சோறு சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னதும் மாமியார் அவளைச் சஹனில் உட்கார வைத்தார். அன்றே குமட்டல் ஆரம்பித்தது. எதுவும் தங்காமல், மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று.

தையலில் கோளாறு இல்லை, அடைப்பும் இல்லை, சாப்பிடுகிற விதம்தான் தப்பு என்றார் டாக்டர். அங்கே சாப்பாட்டு விஷயம் சொல்லித்தருகிற பெண் ஒருத்தி பொறுமையாக விளக்கினாள். டீஸ்பூனால் எடுத்து, கூழாகும்வரை மென்று, ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுத்தான் அடுத்த வாய். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். வாசனை குடலைப் புரட்டினால் ஆறவைத்து, காற்றாட உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. வயிறு போதும் என்றால் பாதி ஸ்பூனானாலும் அதோடு நிறுத்திவிட வேண்டும். இதற்கு மேலும் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே வரச் சொன்னாள்.

லாத்தா வீடு திரும்பியதும் தனித் தட்டு எடுத்தாள். வந்தது வினை. அந்த வீட்டில் தனித் தட்டு என்றால் பகை என்று அர்த்தம். சொத்துத் தகராறில் சின்ன மாமனாருக்கு ஒருமுறை தனியாகச் சோறு வைத்தார்கள், அவர் அதன்பிறகு அந்த வாசல் மிதிக்கவில்லை. குடும்பத்தைப் பிரிக்கிறாள் என்றார் மாமியார். ஆணக் குழம்பின் வாசனை தாங்காமல் ஜன்னலோரம் நகர்ந்தால், எங்கள் சோறு அவளுக்கு நாறுகிறது என்று நாத்தனார்கள் ஊரெல்லாம் சொன்னார்கள். மன்சூர் அலியோ, உம்மா மனசு கோணாமல் நடந்துகொள் என்று ஃபோனில் உபதேசம் செய்தார். வயிறு அவருடையதா என்ன? அதையும் கேட்டு, இவள் ஒருநாள் சஹனில் போய் உட்கார்ந்தாள். சாயங்காலம்வரை குளியலறையில் கிடந்தாள். மறுநாள் தனித் தட்டுக்குத் திரும்பினாள், குமட்டல் அடங்கியது.

போன மாதம் அவள் மகள் ரிஃபானாவுக்குச் சம்பந்தி விருந்து. நானும் போயிருந்தேன். லாத்தா ஜன்னலோரம் நாற்காலி போட்டு, ஆறிய பருப்பும் மசித்த முட்டையும் ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாமியார் சஹனைவிட்டு எழுந்தார். நெய்ச்சோற்றில் கறியை வைத்து உருட்டி, அவள் வாய்க்கு நேராக நீட்டினார். சம்பந்தி வீட்டுப் பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

லாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏன், எங்க கை பட்டது ஒனக்கு ஒமட்டுதா?"

"ஆமா மாமி, ஒமட்டுது. இத்தன வருசம் நீங்க தின்ன வேகத்துக்குத்தான் நானும் தின்னேன். இனிமே முடியாது. மறுபடி ஆஸ்பத்திரில போயி படுக்க மாட்டேன். பகைன்னா பகையாவே இருந்துட்டுப் போவட்டும்."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. மாமியார் விடவில்லை. அந்தக் கிண்ணத்தை அங்கிருந்து எடுக்கும்வரை தான் ஒரு பருக்கை தொடமாட்டேன் என்று அவளுக்கு எதிரே போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுப் பெரியவர் சாப்பிடாமல் இருக்கும்போது விருந்தாளிகள் எப்படிச் சாப்பிடுவார்கள்? எல்லோரும் கையை மடக்கிக்கொண்டார்கள்.

லாத்தா அவசரப்படவில்லை. ஒரு ஸ்பூன் எடுத்தாள், மென்றாள், ஸ்பூனைக் கீழே வைத்தாள். பிறகு அடுத்தது. சஹன்களில் நெய் உறைந்தது. நாத்தனார்கள் முறைத்தார்கள், சம்பந்தி அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் யாரையும் பார்க்காமல் கிண்ணத்தை முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் குமட்டவில்லை. அன்று அந்த வீட்டில் வயிறு நிறைந்தது அவள் ஒருத்திக்குத்தான்.