தண்ணீர்ப் பக்கம் அவள்

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பிள்ளைகளை நிறுத்தும்போது மட்டும் எனக்கு விசில் சட்டென்று வராது. உடற்கல்வி ஆசிரியையாகி ஆறு வருடம் ஆகிறது. நூறு மீட்டருக்கு வந்துவிடும், நானூறுக்கும் வந்துவிடும். இதற்கு மட்டும் விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன். மற்ற பள்ளி ஆசிரியர்கள், "என்ன டீச்சர், நல்ல நேரம் பாக்குறீகளா?" என்று கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்து மழுப்பிவிடுவேன். மழுப்புவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு, அது எங்கே கிடைத்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவளும் நானும் சுருளிப்பட்டி. ஒரே தெரு, அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஏழு வீடு. கம்பத்தில் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. ஓட்டத்தில்தான் ஒட்டாது. அவள் ஓடினால் தரையில் கால் படுகிற சத்தமே கேட்காது. நான் ஓடினால் அடுத்த தெரு நாய் எழுந்து குரைக்கும். இப்படிச் சொன்னவர் எங்கள் பி.டி. சார். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனிதர், ஏனென்றால் எல்லாவற்றையும் வாயில் வைத்திருந்தார்.

அவளுக்கு அப்பா இல்லை. அம்மா விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாயும்போது வந்து இறங்குவார். பிளஸ் டூ முடிந்ததும் அவளும் அந்த ஜீப்பில் ஏற வேண்டும் என்பது வீட்டில் பேசி முடித்த விஷயம். சார் ஒரு நாள் அவள் வீட்டுக்கே வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒரு மணி நேரம் பேசினார். மாவட்டப் போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டி. மாநிலத்துக்குப் போய் வந்த சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் விடுதியோடு கல்லூரி. அம்மா கடைசியில் இறங்கி வந்தார். "மாநிலத்துக்குப் போயிட்டா படிக்கட்டும் சார். போகலைன்னா எங்கூட வரட்டும்."

பேச்சு அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் கெஞ்ச இடமில்லை.

எங்களுக்கு மைதானம் வாய்க்கால் கரைதான். விடிகாலையில் ஊரிலிருந்து பாலம் வரைக்கும் கரைமேல் ஓடுவோம். வலது கைப்பக்கம் தண்ணீர். இடது கைப்பக்கம் திராட்சைப் பந்தலின் கல்தூண்கள். நடுவே இரண்டு பேர் உரசிக்கொண்டு போகிற அகலத்துக்கு ஒரு தடம். நான்தான் முன்னால் ஓடுவேன். அவள் முன்னால் ஓடினால் நான் பாதி வழியில் மனம் விட்டுப்போய் உட்கார்ந்துவிடுவேன் என்பது அவளுக்குத் தெரியும். பாலம் கண்ணுக்குத் தெரிந்ததும் பின்னாலிருந்து, "விடுடீ" என்பாள். நான் பந்தல் பக்கம், இடது பக்கம், விலகுவேன். அவள் தண்ணீர்ப் பக்கமாக என்னைத் தாண்டிப் பறந்துவிடுவாள்.

எனக்கு நீச்சல் தெரியாது. சின்ன வயதில் ஒருமுறை அதே வாய்க்காலில் தவறி விழுந்து, துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அதிலிருந்து தண்ணீர் என்றால் பயம். அதனால்தான் தண்ணீர்ப் பக்கம் எப்போதும் அவள். அவளாகவே எடுத்துக்கொண்ட பக்கம் அது. நான் கேட்டதுகூட இல்லை.

இரண்டு வருடம், மழை நாள் தவிர தினமும் இப்படித்தான் விலகினேன். திரும்பும்போது தார் ரோட்டில் நடந்தே வருவோம். தோட்டக்காரர் கண்ணில் படாமல் பறித்த திராட்சை அவள் துப்பட்டா முனையில் இருக்கும். விதையை யார் தூரமாகத் துப்புவது என்று பந்தயம். அதில் மட்டும் நான் ஜெயிப்பேன்.

மாவட்டப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"இந்தா, நீ ஜெயிக்கப் போறதில்ல. தெரியும்ல?" என்றார் என்னைப் பார்த்து.

"தெரியும் சார்."

"அப்ப உபயோகமா ஓடு. மொத ரெண்டு ரவுண்டு நீ முன்னால இழுத்துட்டுப் போ. இவ ஒன் முதுகுக்குப் பின்னால ஒண்டிக்கிட்டு வரட்டும். கூட்டத்துல இவளை யாரும் இடிக்க மாட்டாக. உள்கோட்டை ஒட்டாம ஒரு முழம் தள்ளி ஓடு. இவ 'விடு'ன்னதும் நீ வலது பக்கம் விலகு. இவ எடது கைப்பக்கம், உள்பக்கமா பூந்து போயிருவா. வலது பக்கம். எங்க சொல்லு?"

"வலது பக்கம் சார்."

பள்ளி மைதானத்தில் ஏழெட்டு முறை செய்து பார்த்தோம். ஒரு முறைகூடத் தப்பவில்லை. ஆனால் அதெல்லாம் நாங்கள் இரண்டு பேர் மட்டும், மெதுவாக, சார் பக்கத்திலேயே நின்று கத்த ஓடியது. ஏழெட்டு முறை எங்கே, இரண்டு வருடம் எங்கே. அந்தக் கணக்கு அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

போட்டி தேனியில். காலையிலிருந்தே மேற்கே மலை மறைந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மழை வந்தால் சுண்ணாம்புக் கோடு கரைந்துவிடும் என்ற அவசரத்தில், இரண்டு பிரிவாக ஓட வேண்டியவர்களை ஒன்றாக நிறுத்திவிட்டார்கள். முப்பது பெண்களுக்கு மேல். மாவட்டத்தில் பெயர் சொல்ல ஓடுகிறவள் ஒருத்தி பாக்கியில்லை. பாதிப் பேர் வெறுங்காலில், பாதிப் பேர் ஆணி ஷூவில். கோட்டில் நின்றபோது என் இரண்டு தோளிலும் அடுத்தவர்களின் வியர்வை ஒட்டியது. அவள் என் பனியனின் பின்பக்கத்தை ஒருமுறை இழுத்துவிட்டாள். இருக்கிறேன் என்று அர்த்தம்.

விசில் அடித்ததும் முழங்கைகளுக்கு நடுவே எப்படியோ புகுந்து முன்னால் வந்துவிட்டேன். என் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்று முடிந்தது. எனக்கு முன்னால் வெள்ளைப் பனியன் ஒருத்தி மட்டும். பின்னால் முப்பது பேர் மூச்சு. அதில் அவள் மூச்சு எனக்குத் தனியாகக் கேட்டது, மூக்கால் இழுத்து வாயால் விடுகிற மூச்சு. சார் சொன்னபடியே ஒரு முழம் தள்ளித்தான் ஓடினேன். வலது, வலது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

எதிர்ப்பக்க நேர்கோட்டில் அவள் சொன்னாள். "விடுடீ."

நான் இடது பக்கம் விலகினேன்.

யோசித்து விலகவில்லை. கால் விலகியது. அந்த ஒரு நொடியில் என் வலது பக்கம் வாய்க்கால் இருந்தது, அவ்வளவுதான். சார் சொன்னபடி உள்பக்கம் புகுந்தவளின் கால் என் காலோடு பின்னிக்கொண்டது. நான் தள்ளாடி நிமிர்ந்துவிட்டேன். அவள் விழுந்தாள். அவளுக்குப் பின்னால் ஓடிவந்த நீலப் பனியன் அவள்மேல் விழுந்தது. அதன்மேல் இன்னும் மூன்று பேர், நான்கு பேர். ஆணி ஷூ சதையில் இறங்கிய அலறல் ஒன்று கேட்டது. அது அவள் குரல் என்று எனக்குத் தெரிந்தது.

நான் நின்றேனா என்றால், இல்லை. சார் கோட்டுக்கு வெளியே கூடவே ஓடி வந்து, "ஓடு! திரும்பாத! நீயாவது ஓடு!" என்று கத்தினார். ஓடினேன். சார் சொன்னதால் ஓடினேன் என்று சொல்லிக்கொள்வது எனக்குச் சௌகரியம். உண்மை என்னவென்றால், திரும்பினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டாவதாக வந்தேன்.

அவளை மர பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். வலது முட்டி பனங்காய் மாதிரி வீங்கியிருந்தது. நடுவர்களும் மூன்று பள்ளி சார்களும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நீலப் பனியன்காரி கடமலைக்குண்டுப் பக்கத்துப் பிள்ளை, பத்தாவதோ பதினொன்றோ படிப்பவள். கன்னமெல்லாம் மண், கண்ணீர் அதில் கோடு போட்டிருந்தது. "நான் தள்ளல சார், சத்தியமா தள்ளல சார்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்கள் சார் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"நீதான முன்னால இருந்த? என்ன நடந்துச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பின்னாலருந்து ஒரு இடி வந்துச்சு சார்" என்றேன்.

அதில் பொய் இல்லை. பின்னாலிருந்துதான் இடி வந்தது. நீலப் பனியனின் நெஞ்சில் குத்தியிருந்த எண் அட்டையை நடுவர் பிய்த்து வாங்கிக்கொண்டார், தகுதி நீக்கம் என்றார். அவளுடைய சார் அத்தனை பேர் முன்னாலும் அவளை அறைந்தார். நான் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அறுவை சிகிச்சை செய்தால் சரியாகலாம், ஓட முடியுமா என்று சொல்ல முடியாது என்றார்கள். ஓட முடியாத காலுக்கு எதற்கு அறுவை என்று அம்மா கட்டுப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். ஒன்றரை மாதம் அவள் கட்டிலில் கிடந்தாள். நான் தினமும் பள்ளி விட்டதும் போவேன். அன்றைய பாடத்தை வாசித்துக் காட்டுவேன், தலை சீவிவிடுவேன், சாரைப்போல் பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பேன். "இவளை மாதிரி ஒரு சிநேகிதி யாருக்குக் கெடைக்கும்" என்று அவள் அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்தார். ஒவ்வொரு நாளும் வாசல் வரைக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் போவேன். உள்ளே போனதும் வாயில் வேறு பேச்சு வந்துவிடும்.

மாநிலப் போட்டிக்கு நான் போனேன். கடைசிக்கு முந்தின ஆளாக வந்தேன். ஆனால் போய் வந்த சான்றிதழ் என்று ஒன்று கொடுத்தார்கள். அதற்குக் கடைசிக்கு முந்தினவள், முதல் ஆள் என்ற பேதம் கிடையாது. அந்தத் தாளில்தான் கல்லூரி, விடுதி, இந்த வேலை, கழுத்தில் தொங்கும் இந்த விசில், எல்லாம். ஜூன் மாதம் நான் பெட்டியோடு மதுரை பஸ் ஏறிய அதே வாரம், அவள் அம்மாவோடு ஜீப் ஏறினாள். மலைச்சரிவில் ஏலக்காய் எடுக்க முட்டி மடங்கவில்லை என்று, ஏலம் காய வைக்கிற ஸ்டோரில் காய் பிரிக்கிற வேலையில் உட்கார வைத்தார்களாம். பிறகு கம்பத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்துக்குப் போனேன். மொய் வைத்தேன், போட்டோவில் நின்றேன். அதற்குப் பிறகு எப்போதாவது போன், அப்புறம் அதுவும் இல்லை.

போன மாதம் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு போட்டிக்குப் போகும் வழியில், விடிகிற நேரத்தில் கம்பத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜீப்புக்குக் காத்திருந்த பெண்களோடு அவளும் நின்றாள். தூக்குச்சட்டி, தலையில் துண்டு. என்னை முதலில் பார்த்தது அவள்தான். நொண்டிக்கொண்டே ரோட்டைத் தாண்டி வந்தாள்.

"ஏடி, டீச்சரம்மா! விசிலோட தூங்குவியா?"

இரண்டு பேரும் டீ வாங்கிக் குடித்தோம். அவள் மகனைப் பற்றிச் சொன்னாள். அம்மா படுத்த படுக்கை என்றாள். நான் வேனைக் காட்டினேன். கண்ணாடி வழியாகப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அவள் அவர்களுடைய கால்களைப் பார்க்க முயன்ற மாதிரி எனக்குத் தோன்றியது. பதினொரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது, டீக்கடை வாசலில், எந்த முன்னுரையும் இல்லாமல் வெளியே வந்துவிட்டது.

"அன்னைக்கு எடது பக்கம் விலகுனது நான்தான்டி. அந்தப் பிள்ளை தள்ளல."

அவள் டம்ளரை வைத்தாள். "தெரியும்."

"எப்பத்துலருந்து?"

"விழுகையிலயே. ஒன் முதுகைப் பாத்துக்கிட்டுத்தான ஓடியாந்தேன்." தலைத் துண்டை இறுக்கிக்கொண்டே சொன்னாள். "ஒனக்குத் தண்ணின்னா பயம். பழகுன காலு, அப்படித்தான் போகும். அதை நான் தப்பாவே நெனைக்கல."

எனக்கு அழுகை முட்டியது. அவ்வளவுதானா, இத்தனை வருடம் வீணாகச் சுமந்தேனா என்று ஒரு நிமிடம், வெட்கமில்லாமல், நெஞ்சு லேசானது. அவள் கையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டாள்.

"அந்தக் கடமலைக்குண்டுப் பிள்ளை எங்க வீட்டுக்கு வந்துச்சு, தெரியுமா? ரெண்டு பஸ் மாறி, ஒரு சீப்பு வாழப்பழத்தோட. 'நான் தள்ளலக்கா, ஆனா ஒங்க மேல விழுந்துட்டேன், மன்னிச்சிருங்கக்கா'ன்னு கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. அதுக்கு முன்னாலயே எங்கம்மா அதை வாசல்ல வச்சு வைஞ்சிருந்துச்சு. நீ தள்ளலன்னு எனக்குத் தெரியும், போயிட்டு வான்னு நான்தான் அனுப்பி வச்சேன். அது வந்தது ஒரே ஒரு நாளு."

ஜீப்பிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பாமலேயே சொன்னாள்.

"நீ தினமும் வந்த."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் ரோட்டைத் தாண்டிப் போனாள். வலது கால் மடங்காததால் ஜீப்பில் ஏற முடியவில்லை. உள்ளே இருந்த இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கி ஏற்றினார்கள். தினமும் செய்கிறவர்கள் போல் பேச்சை நிறுத்தாமலேயே தூக்கினார்கள்.

நான் வேனுக்குள் ஏறி உட்கார்ந்தேன். ஆயிரத்து ஐந்நூறு ஓட வேண்டிய பிள்ளை பின் சீட்டிலிருந்து எட்டி, "யாரு மிஸ் அவுக? கால்ல என்ன மிஸ்?" என்று கேட்டாள்.

"எங்கூடப் படிச்சவ" என்றேன்.

அதிலும் பொய் இல்லை.