அந்தத் திடல் சும்மா கிடக்கவில்லை

தமிழரசி இறந்த செய்தி வந்தபோது கும்பகோணத்தில் டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அவர் மகன்தான் பேசினார். "அம்மா காலையில தவறிட்டாங்க சார். மாரடைப்பு." நான் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போய்விட்டது.

அவரோடு கால்நடைத் துறையில் வேலை பார்த்தவர்களுக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். துக்கத்தோடுதான் உட்கார்ந்தேன், வருவதென்னவோ கோபம். பதினாறாம் நாள் அன்று எல்லோரும் கூடி ஒரு முடிவு எடுத்தீர்களே, அவர் நினைவாக மேய்ச்சல் திடலில் நூறு மரக்கன்று நடுவது என்று! அதைக் கேட்டுக்கொண்டு நானும் வாயை மூடி உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

தமிழரசி கால்நடை ஆய்வாளராகத் திருவிடைமருதூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்தபோது நான் அங்கே கிராம நிர்வாக அலுவலர். மாட்டுக்கு ஊசி போட வருகிறவர் என்பதால் ஊரில் அவருக்கு ஊசியம்மா என்று பெயர். எங்கள் ஊரைச் சுற்றி எல்லாம் நெல் வயல். பயிர் நிற்கும் மாதங்களில் நிலமில்லாத வீட்டு மாடுகளுக்கு வாய்க்காலுக்கு அப்பாலுள்ள அந்தத் திடலை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. ஒருநாள் நான் அடங்கல் எழுதிக்கொண்டிருந்தேன். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று வருஷா வருஷம் எழுதும் பதிவேடு அது. திடலுக்கு நேராக "தரிசு" என்று எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டார்.

"ஏங்க, ஊர் மாடு பூரா அங்கதான் மேயுது. தரிசுன்னு எழுதறீங்க?"

"பயிர் இல்லேன்னா தரிசுதாம்மா. சும்மா கிடக்கிற இடம்தானே."

"புல்லு சும்மா கிடக்கலைங்க. நீங்கதான் சும்மா உட்கார்ந்திருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எழுதியதை அடிக்கவில்லை.

திடலும் அப்போது நல்ல நிலையில் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். எல்லா மாடும் எல்லா இடத்திலும் தினம் மேய்ந்து, தலைகாட்டிய புல்லை மறுநாளே கடித்து, பல இடத்தில் வெறும் மண் தெரிந்தது. தமிழரசி கயிறு கட்டித் திடலை ஆறு பங்காகப் பிரித்தார். ஊர் மாடெல்லாம் ஒரே பங்கில் சில நாள் சேர்ந்து மேய வேண்டும். சாணியும் மூத்திரமும் அங்கேயே விழும். அப்புறம் அடுத்த பங்கு. முதல் பங்குக்குத் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். "ஊசியம்மா மாட்டுக்குப் பிளாட் போடுறாங்கப்பா" என்று டீக்கடையில் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

நடவு வேலைக்குப் போகும் வள்ளி மூன்று மாடு வைத்திருந்தார். "அடுத்த பங்கைப் பார்த்துப் பார்த்துக் கத்துதுங்க, பாவமா இருக்கு" என்று முறையிட்டார். "கத்தட்டும் வள்ளி. புல்லு மேல கடிபட்டா கீழ வேரும் சுருங்கிடும். அது ஆறணும். அதுக்காக மேய்க்காமலே விட்டாலும் முத்திக் கெட்டுப்போகும்" என்றார் தமிழரசி. இரண்டு மழைக்காலம் போனது. அறுகு கணுக்காலை மூடி வளர்ந்தது. தேங்கி நின்ற ஐப்பசித் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது. சிரித்தவர்களே கூடையோடு சாணி அள்ள வந்தார்கள்.

"அடங்கலை மாத்துங்க சார். மேய்ச்சல் நிலம்னு எழுதுங்க" என்று அவர் கேட்காத வருஷம் இல்லை. "அடுத்த ஜமாபந்தியில, கணக்கு சரிபார்க்க வர்றப்ப பார்த்துக்கலாம்மா" என்று நான் சொல்லாத வருஷமும் இல்லை. ஒரு சொல்லை மாற்றினால் மேலிடத்தில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். சோம்பல் பாதி, பயம் பாதி. அப்படியே ஓய்வும் பெற்றுவிட்டேன்.

போன வருஷம் மரம் நடும் குழு ஒன்று தரிசு நிலம் தேடி வந்தது. காகிதத்தில் எங்கள் திடல்தான் முதலில் அகப்பட்டது. பாதித் திடலுக்குக் கம்பி வேலி போட்டார்கள். குழி வெட்டிக் கன்று நட்டுப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். தமிழரசி போய் மறித்தார். "மரம் நடறது நல்லதுதானேம்மா?" என்று கேட்டார்கள். "ரொம்ப நல்லது. உங்க வீட்டு அடுப்படியில நடுவீங்களா தம்பி?" என்றார். இயற்கைக்கு விரோதி என்று அவருக்கே பட்டம் கட்டினார்கள். அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். "எல்லாம் நீங்க எழுதின ஒரு சொல்லு சார்" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மீதிப் பாதியில் பங்கு பிரித்து மேய்க்க இடம் போதவில்லை. மறுபடி மண் தெரிகிறது. வள்ளி இரண்டு மாட்டை விற்றுவிட்டார். அந்த மீதியிலும் கன்று நடப் போகிறீர்கள், அதுவும் தமிழரசியின் பெயரால்! அட, உங்களுக்கே இது அடுக்குமா? மரம் நட ஆசையென்றால் வாய்க்கால் கரை இருக்கிறது, ரோட்டோரம் இருக்கிறது, உங்கள் கொல்லை இருக்கிறது.

நேற்று தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதினேன். முதல் வரி: "இந்த மேய்ச்சல் நிலத்தைப் பல வருஷம் தரிசு என்று தவறாக எழுதியவன் நான்." தட்டச்சு செய்தவர் பதறினார். "சார், இந்த வரி வேணாம். பென்ஷனுக்கு வம்பு வந்துடப் போகுது." இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டேன்.

தமிழரசியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய சண்டையைத்தான். அவர் தனியாக நின்று போட்டபோது பக்கத்தில் போய் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கன்றுகளோடு வரும்போது நானும் வள்ளியும், விற்றதுபோக வள்ளியிடம் மிஞ்சிய ஒற்றை மாட்டைத் திடலில் மேய்த்துக்கொண்டிருப்போம். குழி வெட்டுவதென்றால் அந்த மாட்டை நீங்களே விரட்டிவிட்டு வெட்டுங்கள்.