என் வயிற்று வலியை நம்பிய ஒருத்தி

இறைவன் என் துஆவை ஏற்றுக்கொண்டதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் வீட்டாரைப் பற்றி நல்லதாகச் சொல்ல வாய் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்குப் புளி வியாபாரம். எனக்கு மூன்று வருடமாக வயிற்றில் எரிச்சல். "நோன்பு வந்தாத்தான் ஒனக்கு வவுத்த வலிக்கும்" என்பார் மாமி, அதாவது என் கணவரின் தாயார். கணவர் மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கி வருவார். அதோடு அவர் கடமை முடிந்தது. போன ரமலானில் பன்னிரண்டாம் நோன்பன்று நிற்கக்கூட முடியவில்லை. அன்றும் வடைக்கு மாவு அரைத்தேன். மதியம் லுஹர் தொழுதுவிட்டு முஸல்லா விரிப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். "யா அல்லாஹ், சுகத்தை அப்புறம் கொடு. என் வலியை நம்புகிற ஒரு ஆளை முதலில் அனுப்பு" என்று கேட்டேன்.

மாலை அஸர் தொழுகைக்கு முன்பே பின்வாசலில் குரல் கேட்டது. கல்வராயன் மலையிலிருந்து புளி கொண்டுவரும் சின்னப்பொண்ணு. கூடையை இறக்காமலேயே என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, சுண்ணாம்பாட்டம் வெளுத்துப்போய் கீற?"

"அல்சருன்னு சொல்றாங்க."

"வெளிக்கி கறுப்பா போவுதா?"

மூன்று வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நாலு நாளாகத் தார் போலத்தான் போய்க்கொண்டிருந்தது. வெட்கத்தில் நானும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"எங்க வூட்டுக்காரரு இப்படித்தான் போய்ட்டாரு. மலய வுட்டு எறக்கறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு. நீ இன்னாடான்னா ஆஸ்பத்திரிய பக்கத்துலயே வெச்சிக்கினு குந்திகினு கீற. ஏந்திரு."

ஷேர் ஆட்டோவில் அவள் தோளில் சாய்ந்துதான் போனேன்.

ஆஸ்பத்திரியில் வாய்வழியாக டியூப் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பைப் புண்ணிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். துளி சதை எடுத்துச் சோதித்ததில் எச். பைலோரி என்ற கிருமி. இது நோன்பால் வந்ததல்ல என்றார் டாக்டர் அம்மா. கிருமி போட்ட புண்ணை வலி மாத்திரைகள் இன்னும் கெடுத்துவிட்டனவாம். ஒரே வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும், எல்லாரும் வந்து சோதித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். யாரும் போகவில்லை.

வலியை நம்பாதவர்கள் கிருமியை உடனே நம்பினார்கள். பெருநாளன்று எல்லாரும் சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். எனக்கு மட்டும் அடுப்படியில் தனித் தட்டு. "தொத்திக்கும்" என்றார் மாமி, ஏப்பம் விட்டுக்கொண்டே. கணவர் தலை நிமிரவில்லை. அந்தத் தட்டைப் பார்த்தபோதுதான் பின்வாசல் மாடத்தில் நான் ஒதுக்கி வைத்திருக்கும் டம்ளர் ஞாபகம் வந்தது. எத்தனையோ வருடமாகச் சின்னப்பொண்ணுக்கு அதில்தான் தண்ணீர் கொடுத்து வந்தேன். வெட்கமாக இருந்தது.

மாத்திரைகளைப் பதினான்கு நாள், ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டேன். பிறகு எடுத்த சோதனையில் கிருமி இல்லை. அல்ஹம்துலில்லாஹ். சஹனுக்கு வா என்று இன்னும் யாரும் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

சகோதரிகளே, நம்பிக் கேளுங்கள். அவன் அனுப்புவான். யாரை அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் அவனிடமே விட்டுவிடுங்கள்.

போன வாரம் சின்னப்பொண்ணு வந்தாள். எனக்கென்று ஒதுக்கிய அதே தட்டில் சோறு போட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன். "இன்னாம்மா இது?" என்று தயங்கினாள். அவள் கையைப் பிடித்துத் தட்டில் வைத்தேன். மாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.